கொடியேறிய மாதத்துப் பெட்டி

என் தம்பி எமில்ராஜின் மனைவி டிலக்ஷிக்கு மணம் தெரியாது. பூவும் தெரியாது, புகையும் தெரியாது. அப்படிப்பட்டவள்தான் மாதாமாதம் பெட்டிக்குள் வாசம் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நானும் முதலில் சிரித்தவள்தான். பிறகு திட்டினேன். பிறகு பார்த்தால், அவளுடைய மூக்காகவே ஆகிவிட்டேன்.

குருநகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். எமில்ராஜ் கடலுக்குப் போகிறவன். நான் கருவாடு போட்டு விற்கிறவள். டிலக்ஷி என்ன செய்கிறாள் என்று ஆரம்பத்தில் யாராவது கேட்டால், கனவு காண்கிறாள் என்றுதான் சொல்லுவேன். கலியாணத்துக்கு முன்பு யாழ்ப்பாணம் பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் நின்றவள். நீலச் சேலை கேட்டு வந்த பெண்ணுக்கு முன்னால் சேலையை விரித்துவிட்டு, அந்த நீலத்தைப் பார்த்தபடி விலை சொல்ல மறந்து நிற்பாளாம். முதலாளி இரண்டு தரம் கனைத்தால்தான் இந்த உலகத்துக்கு வருவாளாம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே கூத்துத்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி யன்னலடியில் நின்று கடலைப் பார்ப்பாள், தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும். எனக்கு இப்படியான ஆட்களைக் கண்டால் கை பரபரக்கும். ஆனாலும் அவளைத் திட்டி முடித்ததும் மனது ஒருமாதிரி ஆகிவிடும். நல்ல பிள்ளை.

ஒரு காய்ச்சல் வந்து போன பிறகுதான் அது நடந்தது. ஒரு காலையில் முற்றம் முழுக்கச் சோறு கருகுகிற மணம். ஓடிப் போய்ப் பார்த்தால், குசினியில் பானை அடிப்பிடித்துக் கிடக்கிறது, இவள் அதற்குப் பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவுகிறாள். முகத்தில் ஒரு புன்னகை வேறு.

"எடியே, உனக்கு மூக்கில்லையே?" என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், திருவலையை விட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டாள்.

"மணம் காய்ச்சலோடை போயிட்டுது மச்சாள். திரும்பி வரேல்லை. இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, கடலுக்குப் போற மனுசன் யோசிப்பார்."

"நாக்கு?"

"உப்பு தெரியும், புளி தெரியும், உறைப்பு தெரியும். மிச்சமெல்லாம் வெள்ளை. கடதாசி சாப்பிடுற மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ களவு சொல்லுவதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா கனவிலை மணக்குது மச்சாள்."

அன்றுதான் அந்தக் கனவைச் சொன்னாள். ஒரு பஸ். எல்லா யன்னலும் திறந்து கிடக்கிறது. ஏறியிருக்கிற ஒவ்வொருவரின் மடியிலும் துணியால் மூடிய ஏதோ ஒன்று. இவள் ஒவ்வொரு ஆசனமாகப் போய்த் துணியை விலக்குகிறாள். ஒரு மடியில் அப்போதுதான் வெட்டிய தேசிக்காய். ஒரு மடியில் வறுத்த எள். இன்னொன்றில் சுட்ட பனம்பழம். பஸ் நிலையம் வந்ததும் ஆட்கள் எல்லாரும் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடுகிறார்கள். மணம் மட்டும் இறங்காமல் ஆசனத்தில் இருக்கிறது.

"அந்த பஸ்ஸை ஒரு பெட்டிக்குள்ளை வைச்சு ஆக்களுக்கு அனுப்பினா என்ன மச்சாள்?"

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு நான் என் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டேன். அவள் விடவில்லை. கனவு காண்கிறவர்களிடம் இது ஒரு தொல்லை, அவர்களுக்கு நாங்கள் சொல்லுகிற நியாயம் காதில் ஏறாது.

பெட்டிக்கு 'வாசம்' என்றே பெயர் வைத்தாள். போனில் சேர்ந்துகொள்ளலாம். மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும். எங்கள் குடாநாட்டில் இந்த வீட்டுப் பனங்கட்டி, அந்த வீட்டு எள்ளுருண்டை, இன்னொரு வீட்டு ஊறுகாய் என்று நாலைந்து ருசி அதற்குள் இருக்கும். என்ன வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். பெட்டி போய்ச் சேருகிற நாளில் வட்ஸ்அப்பில் தன் குரலை அனுப்புவாள். கண்ணை மூடுங்கோ என்று தொடங்கி, ஒவ்வொரு ருசியையும் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகிறதுபோலச் சொல்லுவாள். கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அநேகம் பேர் அந்தக் குரலுக்காகவே சேர்ந்தார்கள் என்பது என் எண்ணம்.

அந்தக் குரலுக்குச் சொல் கொடுத்தது யார்? நான்தான். ஒவ்வொன்றையும் என் மூக்கடியில் நீட்டுவாள்.

"எப்பிடி இருக்கு மச்சாள்?"

"நல்லாயிருக்கு."

"எப்பிடி நல்லாயிருக்கு?"

"மணக்குது."

"என்ன மாதிரி?"

"என்ரை மூக்கென்ன பள்ளிக்கூடம் போனதே, பாடம் ஒப்புவிக்க?" என்று பாய்வேன். அவள் நீட்டிய கையை மடக்க மாட்டாள். வேறு வழியில்லாமல் நானும் மணந்து மணந்து பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பனங்கட்டியை, வெயிலில் கிடந்த கயிறு என்றேன், அதற்குப் பின்னால் யாரோ பால் காய்ச்சுகிறார்கள் என்றேன். வறுத்த மல்லியை, புதுப்பாய் விரித்த அறை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, நான் சொன்னதைத் தனக்குள்ளே சொல்லிப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மலரும். நான் எழும்பிப் போய் ஏதாவது ஒரு சட்டியைக் கழுவுவேன். வர வர எனக்கும் பழக்கமாகிவிட்டது. சந்தைக்குப் போனால் காய்கறி வாங்காமல், அங்கே நின்று மணத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். பைத்தியம் தொற்றும் என்பது பொய்யில்லை.

ஒரு பயம் மட்டும் அவளுக்கு எந்நேரமும் இருந்தது.

"மணம் தெரியாதவள் வாசம் விக்கிறாள் எண்டு ஆக்களுக்குத் தெரிஞ்சா, அண்டையோடை பெட்டி முடிஞ்சுது மச்சாள். ஆர் நம்புவினம்? பெட்டி இல்லையெண்டா எனக்கு வேறை என்ன இருக்கு? வெள்ளை மட்டும்தான்."

அதனால் இது எங்கள் இருவருக்குள்ளேயே கிடந்தது. எமில்ராஜுக்குக்கூட இது தெரியாது.

பிறகு நல்லூர்க் கொடியேற்றம் வந்தது. கொடியேறினால் சைவ வீடுகளில் திருவிழா முடியும் மட்டும் மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்க மாட்டார்கள். மீன் சட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துக் கண்ணில் படாமல் வைத்துவிடுவார்கள். எங்கள் பெட்டி வாங்குகிறவர்களில் பாதிக்குமேல் சைவ ஆட்கள். டிலக்ஷி அந்த மாதத்தைப் பெரிதாக நினைத்தாள். எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டிலிருந்து விரத வீட்டுக்குப் போகிற பெட்டி என்பதால், ஒரு பழிச்சொல் வரக்கூடாது என்றாள்.

கொடிகாமத்துக் குணலட்சுமியின் வேப்பம்பூ வடகமும் மோர் மிளகாயும்தான் அந்த மாதத்துக்கு மணிமுடி. குணலட்சுமி தலைக்குத் தோய்ந்து, ஈரத் தலையோடு நின்று வடகம் தட்டுகிற மனுசி. எங்கள் குசினியை நாங்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். கத்தி புதிது, பலகை புதிது, நூல்கூடப் புதிது. என்னையும் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னாள், அவளுக்கு நான் மூத்த மச்சாள் என்கிற மரியாதையே இல்லை. குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு பைக்கற்றாக மணந்தேன். அட்டைப் பெட்டியைக் கட்டிய பிறகும் மணந்தேன். ஒரு மச்ச மணமும் இல்லை. அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்த அன்றே போன் அடித்தது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண். குணலட்சுமியின் அண்ணை நடராசாவின் மருமகள்.

"பெட்டியைத் திறந்தவுடனை சாமியறை வரைக்கும் கருவாட்டு மணம். விரத வீட்டுக்கு என்ன துணிவிலை இதை அனுப்பினீங்கள்?"

அதற்குப் பிறகு கண்டியிலிருந்து ஒருவர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர். கடைசியாகக் குணலட்சுமியே போன் எடுத்தாள். கோபித்துக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள்.

"என்ரை அண்ணை வீட்டுக்கே இப்பிடிப் போயிருக்கு, பிள்ளை. இனி என்ரை வளவிலையிருந்து ஒரு வடகமும் வராது."

டிலக்ஷி அந்த மாதம் குரல் அனுப்பவில்லை. கடற்கரைப் பக்கம் இழுத்துவைத்த வள்ளத்தின் நிழலில் போய் இருந்தாள். கடல் அன்று அசையாமல் கிடந்தது, வானமும் அதுவும் ஒரே வெளிறல் நிறம். தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன்.

"மச்சாள், நேற்றும் அந்த பஸ் வந்தது," என்றாள். "எல்லாற்றை மடியிலையும் துணி இருந்தது. விலக்கி விலக்கிப் பாத்தன். ஒண்டும் மணக்கேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக அங்கே கிடந்த வாளியை ஒரு உதை உதைத்தேன், கால் பெருவிரல் வீங்கினது. யாரில் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த மருமகளிலா, குணலட்சுமியிலா, இந்தப் பிள்ளையின் மூக்கை எடுத்துக்கொண்டு கனவையும் விட்டுவைக்காத கடவுளிலா. வீட்டுக்குள் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "எழும்பு, கொடிகாமம் போறம்," என்றேன். என் மூக்கில் பிழை இல்லை என்று அந்த மனுசிக்கு முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

பஸ்ஸில் டிலக்ஷி யன்னலோரம் இருந்தாள். நாவற்குழிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர் வெயிலில் மினுங்க, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் எதையோ தேடிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தார்கள். இவள் சின்னப் பிள்ளைபோல மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் நான் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். "இப்ப உப்பு. இப்ப சேறு. இப்ப ஆரோ பேக்கரியிலை பாண் போடுறாங்கள். இப்ப மாட்டெரு." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சாவகச்சேரி தாண்டும் வரை நான் வாய் மூடவில்லை, முன்னால் இருந்த கிழவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

குணலட்சுமி எங்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. பலா மரத்தடியில் கதிரை போட்டாள். தேத்தண்ணி தந்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். தலை ஈரம் காயாமல் தோளில் கிடந்தது, நெற்றியில் திருநீறு. முற்றத்தில் வெள்ளைத் துணியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"உங்களிலை எனக்குக் கோவமில்லை," என்றாள். "பிழை பிழைதானே."

"என்ன பிழை? நான் ஒவ்வொண்டா மணந்து பாத்தனான். ஒரு மச்ச மணமும் இல்லை," என்றேன் நான்.

அவள் திரும்பி நடந்தாள். உள்ளே போய் எங்கள் பெட்டியைக் கொண்டுவந்தாள். செய்து தருகிறவர்களுக்கும் மாதம் ஒன்று கொடுப்பது எங்கள் வழக்கம். "இப்ப மணந்து பாருங்கோ."

மூக்கை வைத்தேன். "மட்டைதான் மணக்குது."

திரும்ப உள்ளே போய் அவள் வீட்டு வெறும் பிஸ்கற் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். "இதையும் பாருங்கோ."

மணந்தேன். வெறும் மட்டை. பிறகு திரும்ப எங்கள் பெட்டியை மணந்தேன்.

அப்போதுதான் வந்தது. எங்கள் வீடு மணந்தது. எமில்ராஜின் வலை, என் பின்னறைக் கருவாட்டுச் சாக்கு, மழைக்கு நனைந்த எங்கள் சுவர், எல்லாம் அந்த மட்டைக்குள் இருந்தன. பெட்டி மட்டைகளைப் பாஸ்கா பண்டிகை முடிந்த கையோடு வாங்கி, என் பின்னறையில்தான் சாக்குகளோடு சாய்த்து அடுக்கி வைத்திருந்தோம். கத்தி புதிது, பலகை புதிது, நூல் புதிது, மட்டை மட்டும் அங்கேயே கிடந்து ஊறினது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றால் மீனோடு சேர்ந்த மட்டை சும்மா இருக்குமா? பிறந்த நாள் முதல் அதற்குள்ளேயே கிடக்கிற எனக்கு அது ஒரு மணமே இல்லை, காற்று. எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு மணம் இருக்கிறதென்று இந்த வயதில், யாரோ ஒருத்தியின் பலா மரத்தடியில்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ ஆசையாகவும் இருந்தது. பெட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

குணலட்சுமி டிலக்ஷியின் பக்கம் திரும்பினாள். "இவவுக்குப் பழகிப்போச்சு, சரி. நீர் மணந்து பாக்கேல்லையோ பிள்ளை? வாசம் வாசமெண்டு கதைச்சு அனுப்புறது நீர்தானே?"

"அவளுக்கு அண்டைக்குத் தடிமன், மூக்கடைப்பு," என்று நான் முந்திக்கொண்டேன்.

டிலக்ஷி என் கையின் மேல் தன் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"எனக்கு மணக்காதக்கா," என்றாள். "காய்ச்சலுக்குப் பிறகு ஒண்டும் மணக்கிறேல்லை. மச்சாள் சொல்லுவா, நான் யோசிச்சுப் பாப்பன். பிறகு ஆக்களுக்குச் சொல்லுவன். உங்கடை வடகத்தை நான் ஒருநாளும் மணந்ததில்லை. இனி உங்களுக்கு விருப்பமெண்டா எல்லாருக்கும் சொல்லுங்கோ."

முடிந்தது என்று நினைத்தேன். குணலட்சுமி ஏதாவது ஒரு சொல் சொன்னால் திருப்பிக் கொடுக்க என் நாக்குத் தயாராக இருந்தது. அவள் மற்றக் கதிரையில் இருந்தாள். கண் முற்றத்தில் இருந்தது. வடகத்துக்கு மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி சுற்றிச் சுற்றிப் பறந்தது, அதைத் துரத்தக்கூட அவள் எழும்பவில்லை.

"மருமோள் கத்தேக்கை அண்ணை மட்டும், நல்லாத்தானே இருக்கு, ஒரு மணமும் இல்லையே எண்டவராம்," என்றாள் மெதுவாக. "வயசு போனதிலை ஏதோ உளறுறார் எண்டு மருமோள் சொன்னவ. நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

போனை எடுத்து அண்ணைக்கு அடித்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரி மடியில் வைத்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்கு மணம் தெரியுதோ?"

விசிறி மட்டும் சுற்றியது.

"கன காலமா இல்லைத் தங்கச்சி," என்றார் அவர்.

"அப்ப நான் ஒவ்வொரு முறையும் குடுத்துவிடேக்கை, நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டு சொன்னது?"

"நீ செய்தது எப்பிடி நல்லா இல்லாமப் போகும்?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ அனுப்பமாட்டாய்."

குணலட்சுமி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேலைத் தலைப்பு கண்ணுக்குப் போனது. எனக்கு அந்த மனுசியில் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் தானாகவே கதைத்தார். "அந்தக் குருநகர்ப் பிள்ளை ஒண்டு கதைச்சு அனுப்பும். அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் நான் சாப்பிடுறனான். அது சொல்லேக்கை, எங்கையோ தூரத்திலை கொஞ்சம் மணக்கிற மாதிரி இருக்கும். இந்த முறை ஒண்டும் வரேல்லை. வடகம் பொரிச்சது பொரிச்சபடி முன்னாலை கிடக்கு."

"மருமோள் எல்லாத்தையும் எறிஞ்சிட்டன் எண்டாவே?"

"அவ எறிஞ்சது பெட்டியை. வடகத்தை நான் முந்தியே எடுத்து மேசை லாச்சிக்குள்ளை வைச்சிட்டன். இண்டைக்கு அவ வேலைக்குப் போயிட்டா."

"விரதமெல்லோ அண்ணை. அதிலை மச்ச மணம்."

"எனக்கு மணக்காதது முருகனுக்கு மட்டும் மணக்குமே?"

குணலட்சுமிக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. போனைத் தூக்கி டிலக்ஷியின் கையில் வைத்தாள். "இந்தாரும். அந்தப் பிள்ளை இஞ்சைதான் இருக்கு, அண்ணை. சொல்லும்."

டிலக்ஷி போனை வாங்கிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நீங்கள் வேண்டாம். உங்கடை மூக்கை நம்பேலாது," என்றாள் குணலட்சுமி. என் வாழ்நாளில் ஒருத்தி இப்படிச் சொல்லி நான் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். அவளே எழும்பிப் போய், துணியிலிருந்து ஒரு பிடி வடகத்தை அள்ளி, மூக்கடியில் பிடித்தாள்.

"எப்பிடி மணக்குதக்கா?" என்று கேட்டாள் டிலக்ஷி.

"நல்லாயிருக்கு."

"எப்பிடி நல்லாயிருக்கு?"

வசமாக அகப்பட்டாய் மனுசி, இனி உன் பாடு என்று நினைத்துக்கொண்டேன். குணலட்சுமி கண்ணை மூடினாள். சொல் வர நேரமெடுத்தது.

"காலமை வேப்பமரத்துக்குக் கீழை கூட்டேக்கை, ஈர மண்ணிலை பூ ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மண். பிறகு, வெங்காயம் வெயிலிலை வாடுறது. பிறகு..." தன் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். "தோய்ஞ்ச தலை காயிற மணம்."

டிலக்ஷியின் உதடு அசைந்தது. தனக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு போனை வாயருகே பிடித்தாள்.

"ஐயா, கண்ணை மூடுங்கோ," என்றாள். "விடியக் காலமை. ஒரு வேப்பமரம். ஆரோ இப்பத்தான் முத்தத்துக்குத் தண்ணி தெளிச்சிட்டுப் போறா. தெளிச்ச ஈரத்திலை சின்னச் சின்னதா வெள்ளைப் பூ. அவ குனிஞ்சு கூட்டேக்கை, அவவின்ரை ஈரத் தலையிலை வெயில் படுது..."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் நின்றிருந்தது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு போனுக்குள் 'நொறுக்' என்று வடகம் கடிபட்டது.

"ஓம் பிள்ளை, மணக்குது," என்றார் அவர்.

"எனக்கும் ஐயா," என்றாள் டிலக்ஷி.